ஆட்டோவுக்கு எந்த டயர் போடலாம்... புதுசா, ரீட்ரெட்டா? ஜிஎஸ்டி குறைப்புக்குப் பின் மாறிய கணக்கு

ஆட்டோ டயர் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 3-ம் தேதி நடந்த 56-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் எடுத்த முடிவு இது. செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. டிவி, ஏசி, கார் விலை குறைந்ததைப் பற்றி நிறையப் பேசியாச்சு. ஆனால், தேய்ந்த டயரோடு மழைக்காலத்தைச் சந்திக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கு இதில் என்ன கிடைக்கும்?

வரி குறைந்ததால் புது டயருக்கும் ரீட்ரெட் டயருக்கும் இடையே இருந்த பழைய கணக்கு மாறியிருக்கிறது. எதை வாங்கலாம், எதை எந்தச் சக்கரத்தில் மாட்டக் கூடாது, தேய்ந்த டயரை இன்னும் ஒரு மாசம் ஓட்டினால் உண்மையில் எவ்வளவு மிச்சம் என்பதை விரிவாகப் பார்ப்போம்.

டயர் விலை எவ்வளவு குறையும்?

சென்னை, மதுரை, கோவை என எங்கும் ஓடும் பெட்ரோல், எல்பிஜி, சிஎன்ஜி பயணிகள் ஆட்டோக்களில் பரவலாக இருப்பது 4.00-8 என்ற அளவு டயர். பிராண்டைப் பொறுத்து விலை மாறும். கணக்குக்காக, இன்றைய விலை வரியோடு சேர்த்து 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

இதில் வரி போக டயரின் அடிப்படை விலை சுமார் 1,271 ரூபாய். பழைய 28 சதவீத வரியில் இதே டயர் 1,627 ரூபாய் ஆகியிருக்கும். ஆக, ஒரு டயருக்கு 127 ரூபாய் மிச்சம். மூன்று டயருக்கு 380 ரூபாய்.

கடைக்காரர் இதைக் கொடுத்தாரா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, பில் கேட்பது. மத்திய ஜிஎஸ்டி 9, மாநில ஜிஎஸ்டி 9 என்று பில்லில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் வரி குறைந்ததும் தெரியாது, டயரில் கோளாறு என்றால் வாரண்டி கேட்கவும் முடியாது.

இன்னொரு விஷயம். ரீட்ரெட் செய்த டயருக்கு வரி ஏற்கெனவே 18 சதவீதம்தான். 2018 டிசம்பரில் நடந்த 31-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்திலேயே அதைக் குறைத்துவிட்டார்கள். அதன் பிறகு ஆறரை ஆண்டுகளுக்கு மேல், வரியில் புது டயரைவிட ரீட்ரெட்டுக்கு 10 சதவீத சலுகை இருந்தது. இப்போது இரண்டுக்கும் ஒரே வரி. ரீட்ரெட்டின் விலை அப்படியே நிற்க, புது டயர் இறங்கி வந்திருக்கிறது.

ஒரு கிலோமீட்டருக்கு டயர் செலவு என்ன?

டயரை விலை பார்த்து வாங்கக் கூடாது, விலையை அது ஓடும் கிலோமீட்டரால் வகுத்துப் பார்த்து வாங்க வேண்டும். 1,500 ரூபாய் டயர் 25,000 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 6 பைசா. மூன்று டயருக்கும் சேர்த்து 18 பைசா. தினமும் 100 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஒரு நாள் டயர் செலவு 18 ரூபாய். ஒரு டீக்காசு.

எரிபொருளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சின்னத் தொகை என்பது புரியும். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் ஆட்டோவுக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே கிலோமீட்டருக்கு 4 ரூபாய் ஆகிறது. 100 கிலோமீட்டருக்கு 400 ரூபாய்.

சரி, பட்டன் முழுசா தேய்ந்துபோன டயர்களை மாற்றாமல் இன்னும் 2,000 கிலோமீட்டர் ஓட்டினால் எவ்வளவு மிச்சமாகும்? மூன்று டயருக்கும் சேர்த்து 360 ரூபாய். சுமார் 20 நாள் உயிரைப் பணயம் வைத்து ஓட்டி மிச்சம் பிடிக்கும் பணம், ஒரு நாள் பெட்ரோல் காசுக்குக்கூட வரவில்லை. அந்த 20 நாளில் இரண்டு முறை நடுவழியில் பஞ்சர் ஆகி சவாரி போனால் அந்த மிச்சமும் காலி.

அப்புறம் ஏன் மொட்டை டயரில் ஓட்டுகிறார்கள்?

ஓட்டுநர்களுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. கிலோமீட்டருக்கு 18 பைசா என்பது காகிதத்தில் சின்னத் தொகை. ஆனால் டயர் கடையில் அதைத் தினமும் 18 ரூபாயாகக் கட்ட முடியாது. மூன்று டயர், டியூப், மாட்டுக்கூலி என்று ஒரே நாளில் ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். தினக்கூலி போல வருமானம் வரும் தொழிலில் அந்த மொத்தத் தொகைதான் பிரச்சினை. ரீட்ரெட்டையும் செகண்ட் ஹேண்ட் டயரையும் நோக்கித் தள்ளுவதும் அதுதான்.

நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டுறவங்க நிலைமை இன்னும் சிக்கல். டயர் வாங்க வேண்டியவர் வண்டி உரிமையாளர், அதன் மேல் உட்கார்ந்து ஓட்டுறவர் வேறொருவர். செலவு ஒருவருக்கு, ஆபத்து இன்னொருவருக்கு என்றால் மலிவான டயர்தான் வண்டியில் ஏறும். வாடகை பேசும்போதே டயர் யார் பொறுப்பு, எந்த நிலையில் மாற்றித் தர வேண்டும் என்று பேசி வைப்பது நல்லது.

2025 மார்ச் 8-ம் தேதி சென்னையில் தொடங்கப்பட்ட பிங்க் ஆட்டோ திட்டத்தில் வண்டி எடுத்த பெண்களுக்கும் இந்தக் கணக்கு முக்கியம். தினம் 100 கிலோமீட்டர் ஓடினால் 250 நாளில் 25,000 கிலோமீட்டர் வந்துவிடும். அதாவது, வண்டிக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் டயர் செலவு வந்து நிற்கும். தினமும் 20 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தால், அந்த நாளில் கைமாற்று வாங்க வேண்டியிருக்காது.

மூன்று சக்கர வண்டிக்கு டயர் ஏன் கூடுதல் முக்கியம்?

காரில் முன்பக்கம் ஒரு டயர் வெடித்தாலும், பக்கத்தில் இன்னொரு முன் டயர் இருக்கிறது. பைக் ஓட்டுபவர் வளைவில் சாய்ந்து வண்டியைச் சமாளிக்கலாம். ஆட்டோவுக்கு இரண்டு வசதியும் கிடையாது. முன்னால் இருப்பது ஒரே சக்கரம். திருப்புவது முழுக்க அதை நம்பித்தான்.

ஆட்டோ தரையைத் தொடும் மூன்று புள்ளிகளையும் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். வண்டியின் எடை அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் வரை கவிழாது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் போகும். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் போகும். இரண்டும் சேர்ந்தால், முக்கோணம் குறுகிப் போகும் முன்பகுதியின் ஓரத்துக்கு எடை நகர்கிறது. அந்த நேரத்தில் முன் டயர் வழுக்கினாலோ காற்று இறங்கினாலோ வண்டி சாய்ந்துவிடும். அதனால்தான் இருப்பதிலேயே நல்ல டயர் முன்னால் இருக்க வேண்டும்.

பின்னால் கதை வேற. எடையின் பெரும்பகுதியைச் சுமப்பதும், இன்ஜின் இழுவையை வாங்குவதும் பின் சக்கரங்கள்தான். அங்கே முக்கியம், இரண்டும் ஜோடியாக இருப்பது. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பாதி தேய்ந்தது என்றால் இரண்டின் சுற்றளவும் சமமாக இருக்காது. நேர் ரோட்டில் போனாலும் டிஃபரென்ஷியல் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எனவே பின்னால் மாற்றுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே மாடலில், ஒன்றாக மாற்றுங்கள்.

டயர் மேல் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

கடையில் கேட்டதும் எடுத்து நீட்டும் டயரை வாங்கிவிடாமல், பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளை ஒரு நிமிஷம் பாருங்கள்.

அளவு: 4.00-8 என்றால் டயரின் அகலம் 4 அங்குலம், ரிம்மின் விட்டம் 8 அங்குலம். நடுவில் சின்னக் கோடு இருந்தால் அது நூல் குறுக்காகப் பின்னிய சாதாரண டயர். கோட்டுக்குப் பதில் R என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ரேடியல். 8 அங்குல ரிம்மில் உட்காரும் எல்லாமே ஆட்டோ டயர் இல்லை. பழைய ஸ்கூட்டர்களுக்கான 3.50-8 டயரும் 8 அங்குலம்தான். மலிவாகக் கிடைக்கிறது, ரிம்மில் உட்காருகிறது என்பதற்காக அதை மாட்டக் கூடாது.

பலம்: 6PR, 8PR என்று இருப்பது பிளை ரேட்டிங். டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதன் அளவு அது. உள்ளே அத்தனை அடுக்கு நூல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வண்டிக் கையேட்டில் சொன்னதைவிடக் குறைந்த பிளை வாங்காதீர்கள். அதற்காகக் கூட்டி வாங்கினால் கூட ஆள் ஏற்றலாம் என்றும் இல்லை. ஆக்சிலும் பிரேக்கும் அதே பழசுதான்.

பாரம், வேகம்: பக்கவாட்டில் ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கும். எண் 71 என்றால் அந்த டயர் 345 கிலோ தாங்கும், 76 என்றால் 400 கிலோ. எழுத்து E என்றால் மணிக்கு 70 கிலோமீட்டர், F என்றால் 80, J என்றால் 100 வரை. ஆர்சியில் இருக்கும் மொத்த எடையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூன்று பேருக்கான ஆட்டோவில் ஏழெட்டுப் பள்ளிப் பிள்ளைகளையும் பைகளையும் ஏற்றினால் இந்தக் கணக்கெல்லாம் அடிபட்டுப் போகும்.

வயசு: ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 3525 என்றால் 2025-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது. கடையில் வெயில் படும் இடத்தில் வருஷக்கணக்கில் தொங்கிய டயர் பார்க்கப் புதுசாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். ஈர ரோட்டில் பிடிப்பு குறையும்.

ஐஎஸ்ஐ முத்திரை: வாகன டயர், டியூப்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2009-ல் வந்தது. இரு சக்கர, மூன்று சக்கர வாகன டயர்களுக்கான தர எண் ஐஎஸ் 15627. இந்த முத்திரை இல்லாத டயர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சென்னையில் தலைமையகம் உள்ள எம்ஆர்எஃப், மதுரையைச் சேர்ந்த டிவிஎஸ் ஸ்ரீசக்ரா உட்பட மூன்று சக்கர வாகன டயர் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. முத்திரை இல்லாத டயரைத் தேடிப் போக அவசியமே இல்லை.

ரீட்ரெட் டயர் போடலாமா?

ரீட்ரெட் என்றாலே மோசம் என்பதில்லை. லாரி, பஸ்களில் பல காலமாகப் பயன்பாட்டில் இருக்கும் முறை அது. தேய்ந்த டயரின் உடல்பகுதி நல்ல நிலையில் இருந்தால், மேலே புது ரப்பர் ஒட்டி மறுபடி ஓட்டலாம். ரப்பரும் மிச்சம், குப்பையும் குறைவு.

ஆட்டோவுக்கு அது லாபமா என்பதுதான் கேள்வி. ரீட்ரெட் 700 ரூபாய், புது டயர் 1,500 ரூபாய், புதுசு ஓடுவது 25,000 கிலோமீட்டர் என்றால், ரீட்ரெட் குறைந்தது 11,700 கிலோமீட்டராவது ஓட வேண்டும். 10,000 கிலோமீட்டரில் தேய்ந்தால் கிலோமீட்டருக்கு 7 பைசா ஆகிறது. புதுசைவிட ஒரு பைசா கூடுதல். உங்கள் ஊர் விலையையும் உங்கள் வண்டி ஓடும் தூரத்தையும் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் விடை தெரிந்துவிடும். முன்பு 1,627 ரூபாய்க்கு விற்ற டயர் 1,500-க்கு வந்த பிறகு, பல பேருக்கு விடை புது டயர் பக்கம் சாயும்.

அப்படியும் ரீட்ரெட்தான் வாங்க முடியும் என்றால் மூன்று விஷயம். முன் சக்கரத்தில் போடாதீர்கள். ஜோடியாகப் பின்னால் மட்டும் போடுங்கள். பக்கவாட்டில் வெடிப்பு, வீக்கம், பழைய வெட்டு இருக்கிறதா என்று பார்த்து, தயாரிப்பு தேதியையும் படியுங்கள். மேலே ரப்பர் புதுசாக இருக்கலாம், உள்ளே உடல்பகுதிக்கு ஆறேழு வயசு ஆகியிருக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் டயருக்கு இந்த அளவு உத்தரவாதம்கூடக் கிடையாது. தேய்ந்த டயரில் கத்தியால் புதுசாகக் கோடு கீறி விற்றால், பள்ளம் தெரியும். ஆனால் நூலுக்கு மேல் ரப்பரே இருக்காது. அதைத் தொடவே வேண்டாம்.

மாற்றும் முன் பழைய டயரைப் பாருங்கள்

வண்டியில் என்ன கோளாறு என்பதைத் தேய்ந்த டயரே காட்டிக்கொடுக்கும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, அல்லது பாரம் அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் நேராக நிற்கவில்லை. அங்கங்கே திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் பேரிங், பிரேக் டிரம், முன்பக்கக் கோன்செட் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். இதைச் சரி பண்ணாமல் புது டயர் மாட்டினால் அதுவும் சில மாசத்தில் அதே மாதிரி தேயும். பணம் வீண்.

புது டயருக்குள் பழைய டியூப்பைத் திணிப்பதும் வீண் சிக்கனம். ஓடி விரிந்த டியூப் புது டயருக்குள் மடிந்து உட்கார்ந்து, மடிப்பிலேயே வெடிக்கும். டியூப் போடும் பல ஆட்டோக்களில் ரிம் இரண்டு பாதியாக, போல்ட்டால் சேர்த்து முடுக்கி இருக்கும். காற்றை முழுசாக இறக்காமல் அந்த போல்ட்டைக் கழற்றினால் ரிம் தெறித்து ஆளைக் காயப்படுத்திவிடும். வழியில் தானே பிரித்து மாட்டும் ஓட்டுநர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

காற்றழுத்தம் வண்டிக்கு வண்டி மாறும், முன்னுக்கும் பின்னுக்கும் மாறும். கையேட்டில் உள்ள அளவை டயர் ஆறியிருக்கும்போது, வாரம் ஒரு தடவை பாருங்கள். காற்று குறைந்தால் டயர் மட்டும் தேயாது, மைலேஜும் குறையும். ஒரு நாளைக்கு 400 ரூபாய் எரிபொருளில் 5 சதவீதம் போனாலே 20 ரூபாய். மூன்று டயரின் அன்றைய செலவைவிட அது அதிகம்.

மின்சார ஆட்டோவுக்கும் இதே டயரா?

எல்லாவற்றுக்கும் இல்லை. மின்சார ஆட்டோக்கள் சிலவற்றில் 12 அங்குல சக்கரமும் டியூப்லெஸ் ரேடியல் டயரும் வருகின்றன. பழைய 8 அங்குல டயரை இவற்றில் யோசிக்கவே முடியாது. பேட்டரி எடையும், ஆக்சிலேட்டர் முறுக்கியதும் கிடைக்கும் இழுவையும் பின் டயர்களைச் சீக்கிரம் தேய்க்கும். அதிகமாக உருள விடாத டயரை மாட்டினால், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். எனவே மின்சார ஆட்டோவுக்குக் கம்பெனி சொன்ன அளவையும் வகையையும் மாற்றாமல் இருப்பதே பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 94-வது விதி டயரின் நிலையைப் பற்றியது. இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களில் டயர் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. கிட்டத்தட்ட ஒரு ஏடிஎம் கார்டின் தடிமன். மற்ற வாகனங்களுக்கு இது 1.6 மில்லிமீட்டர். பள்ளத்துக்கு நடுவே சின்ன மேடு மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

0.8 என்பது கடைசி எல்லை. மழை நேரத்தில் அதுவரை காத்திருக்க வேண்டாம். பள்ளம்தான் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. ஆழம் குறையக் குறைய, தேங்கிய தண்ணீரில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும்.

வாகனத்தைப் பாதுகாப்பற்ற நிலையில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில் 1,500 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதனால் விபத்தாகி யாருக்காவது காயம் ஏற்பட்டால் சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. எட்டு வருஷம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்சி காட்ட வேண்டும். எஃப்சி நாளில் மட்டும் இரவல் டயரை மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் கழற்றினால் சான்றிதழ் கிடைக்கும். மீதி 364 நாளும் வண்டி அந்தப் பழைய டயரில்தான் ஓடும்.

மீட்டர் கட்டணத்தில் டயருக்கு இடமிருக்கிறதா?

ஆட்டோவில் ஏறும் பயணியும் டயரைப் பார்க்கலாம். முன் சக்கரம் கண்ணெதிரில்தான் இருக்கிறது. பட்டனே தெரியாமல் வழுவழுவென்று இருந்தால், மழை நாளில் வேறு வண்டி பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் பயணி கொடுக்கும் கட்டணத்துக்கும் அந்த டயருக்கும் தொடர்பு இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஆட்டோ மீட்டர் கட்டணம் 2013 ஆகஸ்டில் நிர்ணயிக்கப்பட்டது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். கேரளாவில் 2022 மே முதல், முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு 15 ரூபாய். பெங்களூருவில் 2025 ஆகஸ்ட் 1 முதல், முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு 18 ரூபாய். 5 கிலோமீட்டர் சவாரிக்குக் கணக்குப் போட்டால் 2013 கட்டணப்படி சென்னையில் 63 ரூபாய் 40 பைசா, கேரளாவில் 82 ரூபாய் 50 பைசா, பெங்களூருவில் 90 ரூபாய்.

2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு 18 ரூபாய் என்று அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை. நடைமுறையில் சாலையில் மீட்டர் ஓடுவது அரிது, பேரம்தான் ஓடுகிறது. பயணிக்கும் அதில் நிம்மதி இல்லை, ஓட்டுநருக்கும் நிச்சயமான வருமானம் இல்லை.

ஜிஎஸ்டி குறைப்பால் ஆட்டோ ஓட்டுநருக்கு டயரில் கிடைப்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை பைசா. அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் எரிபொருள், டயர், பராமரிப்புச் செலவுகளைக் கணக்கில் எடுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் கட்டணத்தைத் திருத்தும் ஏற்பாடு வந்தால்தான், 360 ரூபாய் மிச்சத்துக்காக மொட்டை டயரில் ஓட்ட வேண்டிய நிலை மாறும். அதுவரைக்கும் ஓட்டுநர் கையில் இருப்பது, தினம் 20 ரூபாய் எடுத்து வைப்பதும், இருப்பதில் நல்ல டயரை முன்னால் போடுவதும்தான்.